மாலை போட்டவன் பேனலைத் தொடக் கூடாது

எங்கள் தொழிலில் காத்திருப்பதும் ஒரு வேலைதான். மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு, பேனலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "வந்ததுலருந்து நின்னுக்கிட்டே இருக்காய்ங்க, என்னத்தப் பாக்கறாய்ங்கன்னு தெரியல" என்று காதுபடவே சொல்வார்கள்.

நானும் என் கூட்டாளியும் பழுது பார்த்ததெல்லாம் மில்களில் இருக்கும் டிரைவ் பேனல்கள். பெரிய மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி அது. துணி பீரோ உயரம் இருக்கும். உள்ளே ஊறுகாய் பாட்டில் தடிமனில் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கும். வெளியே கரண்டை நிறுத்திவிட்டாலும், வாங்கி வைத்ததை அவை உடனே விடாது. அடுப்பை அணைத்ததும் தோசைக்கல் ஆறிவிடுகிறதா என்ன? ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தோசைக்கல் தோலைச் சுடும், இது ஆளையே எடுத்துவிடும்.

அந்த நேரத்தை நான் முருகன் பேரைச் சொல்லிக் கழிப்பேன். விரல் கணுவில் எண்ணிக்கொண்டு, வாய்க்குள்ளேயே. ஒரு மாலை, அதாவது நூற்றெட்டு, சொல்லி முடித்தால் சாதாரணமாக ஒரு டிரைவ் ஆறியிருக்கும். கூட்டாளிக்கு இது பெரிய கேலி. "மாப்ள, கம்பெனிக்காரன் பொஸ்தகத்துல நிமிசக் கணக்குப் போட்டிருக்கான். நீ முருகக் கணக்குப் போடற" என்பான். ஆனால் நான் முடிக்கும் வரை அவனும் நிற்பான். "ஆச்சா?" என்று என்னைத்தான் கேட்பான்.

அவனும் நானும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. அவன் மகால் பக்கம், சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் சாயம், நூல், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள். நான் பசுமலை. தல்லாகுளத்தில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை பிடித்து இருவரும் பட்டறை வைத்தோம். அவனுக்கு வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, பேனலுக்குள் குனிய முடியாது. நான் ஒல்லி. அதனால் உள்ளே போவது என் கை, வெளியே நின்று படத்தைப் பார்த்து யோசிப்பது அவன் மூளை என்று ஒரு ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது. "எங்க அம்மா போட்ட சோறு, உன்னக் காப்பாத்துது பாரு, வெளிய ஒரு ஆள் நிக்கணும்ல" என்று வயிற்றைத் தடவுவான்.

வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் சட்டம். தனி ஆளாக யாரும் பேனலைத் திறப்பதில்லை. உள்ளே இருப்பவன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மோதிரம், செயின், அரைஞாண் எதுவும் கூடாது. ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம். கல்யாணமான புதிதில் நான் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடும்போதெல்லாம், "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று சிரிப்பான்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், ஒரு தை மாதம்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் என் மனைவி ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. உள்ளே ராடு வைத்தார்கள். நடப்பாள், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு நான் வேண்டிக்கொண்டேன். முருகா, அவள் தன் காலால் நடக்கட்டும். நான் செருப்பில்லாமல் பழனிக்கு நடந்து வருகிறேன். மாலை போட்டதிலிருந்து மலை ஏறி இறங்குகிற வரைக்கும் என் கால் செருப்பைத் தொடாது என்று. பெரிய வேண்டுதல் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் கேட்டேன்.

தை பிறப்பதற்கு முன்பே திருப்பரங்குன்றத்தில் மாலை போட்டுக்கொண்டேன். உருத்திராட்ச மாலை, செப்புக் கம்பியில் கோர்த்தது, நடுவில் வேல் போட்ட பித்தளை டாலர். பச்சை வேட்டி, வெறுங்கால். அதற்குள் அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வர ஆரம்பித்திருந்தாள். வாக்கர் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

மாலை போட்ட அன்றே கூட்டாளி சொல்லிவிட்டான்.

"சாமி, இன்னைலருந்து பட்டறைல பாட்டரி, ஸ்டெபிலைசர் இதோட நிறுத்திக்க. பேனல் கிடையாது."

"ஏன், கைய முறிச்சா போட்ருக்கு?"

"கழுத்துல செம்பு, கால்ல ஷூ இல்ல. ஒன்னய உள்ள விட்டா நானே கொலகாரன்."

சரி, மில்லிலிருந்து அழைப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வந்தது. நடைபயணம் கிளம்புவதற்குச் சில நாட்களே இருந்தபோது வந்தது.

உசிலம்பட்டி பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே ஒரு பெரிய ஃபேன் உண்டு. தண்ணீரைப் பொழிந்து, ஈரக் காற்றை ஆலைக்குள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சீமையில் காற்று எப்படிக் காய்ந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஈரம் இல்லாவிட்டால் பஞ்சு நூலாக நிற்காது, அறுந்துபோகும். அந்த ஃபேனின் டிரைவ் செத்துவிட்டது. சூப்பர்வைசர் போனில் கெஞ்சினார். "அண்ணே, நூலு அறுந்து அறுந்து விழுது. பொம்பளைங்க முடிச்சுப் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு உக்காந்துட்டாங்க. எப்படியாச்சும் வாங்கண்ணே."

நூல் என்றதும் கூட்டாளி எழுந்துவிட்டான். "நூலுன்னா எங்க வீட்டு அரிசி. கெளம்பு" என்றான். அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். சூடான கால்மிதியில் வெறுங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வழியெல்லாம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனேன்.

பேனல் இருந்தது ஃபேன் அறைக்கு வெளியே. உள்ளிருந்து தண்ணீர் கசிந்து தரை சிமெண்ட் ஈரமாகவே இருக்கும் இடம். பேனலுக்கு முன்னால் ரப்பர் பாய் ஒன்று விரித்திருந்தார்கள். அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது.

சூப்பர்வைசர் என் கழுத்தையும் காலையும் பார்த்தார். அவர் முகம் வாடியது.

"சாமி மாலை போட்ருக்கீகளே. பழனிக்கா?"

"ஆமா தம்பி."

"அப்ப உள்ள யாரு?"

கூட்டாளி வயிற்றைத் தட்டிக் காட்டினான். "நான்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. அவனால் முழுதாகக் குனிய முடியாது. கண்ணாடி வழுக்கும். உள்ளே கை வைத்துப் பழகியவன் நான். "ரப்பர் பாய் மேல நின்னுக்கறேன். மாலையச் சட்டைக்குள்ள விட்டு பட்டனப் போட்டுக்கறேன்" என்றேன்.

"குனிஞ்சா சட்ட தொங்காதா? ஈரத் தரை. பாய் ஓரமெல்லாம் தண்ணி" என்றான் கூட்டாளி.

"அப்ப மாலையக் கழட்டி வச்சுட்டு, ஒன் ஷூவப் போட்டுக்கவா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கழற்றினால் விரதம் அதோடு போச்சு. வீட்டில் வாக்கர் சத்தம் நினைவுக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"தங்கச்சி நடக்கணும்னு போட்ட மாலை. எனக்காகவோ மில்லுக்காகவோ அதக் கழட்டாத. மாலையோட தொட்டாலும் ஒன் சாமி மன்னிச்சுருவாரு, கெப்பாசிட்டர் மன்னிக்காது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லு."

அப்படித்தான் இடம் மாறினோம். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக நான் வெளியே, அவன் உள்ளே. அவன் எனக்காகப் போகிறான், அதுவும் பழகாத இடத்துக்குப் போகிறான் என்பது எனக்கு நெஞ்சில் ஒரு கல் மாதிரி உட்கார்ந்தது. அவனுக்கு ஒன்று ஆனால் நான் எந்தக் காலால் மலை ஏறுவேன்?

மெயினை நிறுத்தினான். பூட்டுப் போட்டான். சாவியை என்னிடம் நீட்டினான். மற்ற நாளில் அது என் இடுப்பில் இருக்கும், நான்தானே உள்ளே போகிறவன். "நீ வச்சுக்க. உள்ள போறவன்ட்டதான இருக்கணும்" என்றேன். "ஆமால்ல" என்று அசடு வழியச் சிரித்து, தன் பெல்ட்டில் செருகிக்கொண்டான். இருவருக்கும் அன்று எல்லாமே இடக்கையால் சாப்பிடுவது போலத்தான் இருந்தது.

மீட்டரை எடுத்துச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தான். அது வேறு லைன், அங்கே கரண்ட் இருந்தது. இருக்கிற இடத்தில் மீட்டர் சரியாகக் காட்டினால்தான், இல்லாத இடத்தில் அது சொல்வதை நம்பலாம். சரியாகக் காட்டியது. பேனல் கதவைத் திறந்தான். நான் மாலை மணியைப் பிடித்தேன். கழுத்திலேயே மாலை இருந்ததால் அன்று விரல் கணு வேண்டியிருக்கவில்லை.

"ஆச்சா சாமி?"

"இன்னும் பாதி இருக்கு."

சூப்பர்வைசர் வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தார். "இது என்னண்ணே, பூசையா?"

"ஆமா. தீபாராதனை முடியாம தொடப்படாது" என்றான் கூட்டாளி.

கடைசி மணி வந்தது. "ஆச்சு" என்றேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வயிறு இடித்தது. ஒரு அடி பின்னால் வந்து மறுபடி சாய்ந்து நின்றான். அப்போது பேனல் கதவு தானாக ஆடி வந்து மூடப் பார்த்தது. மீட்டரின் வயர் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவன் எரிச்சலோடு வெடுக்கென்று இழுத்து எடுத்தான். முழங்கையால் கதவைத் தள்ளிவிட்டு, கெப்பாசிட்டர் மேல் மீட்டரை வைத்தான்.

"பூஜ்ஜியம்" என்றான். சூப்பர்வைசரும் எட்டிப் பார்த்து, "ஆமாண்ணே, சீரோ" என்றார்.

கூட்டாளி மீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

நான் உள்ளே இருந்திருந்தால் எனக்கும் பூஜ்ஜியம்தான் தெரிந்திருக்கும். வெளியே, செய்ய வேலை எதுவும் இல்லாமல், அவனையே பார்த்துக்கொண்டு நின்றதால்தான் அந்த வயர் இழுபட்டது என் கண்ணில் நின்றது.

"இருய்யா! தொடாத!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஸ்பேனர் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"என்னா?"

"மீட்டர மறுபடி பிளக்குல வை."

"இப்பத்தான வச்சேன்."

"அதுக்கப்பறம் கதவுல மாட்டுச்சு. வெடுக்குனு இழுத்த. மறுபடி வை."

"ஏய், எனக்கு முதுகு ஒடியுது. மாலை போட்டதுலருந்து ஒனக்குப் பயம் சாஸ்தியாயிருச்சு."

"ஆமா, பயந்தான். வச்சுத்தொலை."

சூப்பர்வைசர் நடுவில் புகுந்தார். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் இப்பிடிச் சண்ட போட்டா வேல எப்ப முடியும்?"

முணுமுணுத்துக்கொண்டே கூட்டாளி சுவருக்குப் போய்ப் பிளக்கில் வைத்தான். அதே போர்டில் பக்கத்துப் பாயிண்டில் சூப்பர்வைசரின் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் பூஜ்ஜியம் காட்டியது.

மறுபடி வைத்தான். பூஜ்ஜியம்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டாளி வயரைக் கையில் எடுத்து நீவிப் பார்த்தான். மேலே உறை நன்றாகத்தான் இருந்தது. பிடிக்குப் பக்கத்தில் உள்ளே கம்பி மட்டும் அறுந்து, தொளதொளவென்று மடங்கியது.

அவன் ஸ்பேனரை மெதுவாகத் தரையில் வைத்தான். பையிலிருந்து வேறு வயரை எடுத்து மாட்டி, பிளக்கில் பார்த்து, பிறகு கெப்பாசிட்டரில் வைத்தான். எண் ஐந்நூறு வோல்ட்டைத் தாண்டி நின்றது. சேர்ந்ததை வடித்துவிடுவதற்கென்று உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது எரிந்துபோயிருந்தது. அதனால் எத்தனை மாலை சொன்னாலும் அந்த டிரைவ் ஆறியிருக்காது. என் முருகக் கணக்கு என்பது, எல்லாம் சரியாக இருக்கிற பெட்டிக்கான கணக்கு. சாமி மேல் குறை ஒன்றும் இல்லை. பெட்டி கெட்டுத்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள்?

கூட்டாளி அவன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னான். எனக்கு அந்த மொழி தெரியாது. என்னிடம் அவன் அதில் பேசியது அன்று ஒரு தடவைதான்.

எங்களிடம் மூன்று குண்டு பல்பை வரிசையாக இணைத்த ஒரு பலகை உண்டு, நீளமான பிடி வைத்தது. மீட்டர் ஏதாவது மிச்சம் காட்டினால்தான் அதை எடுப்போம். அவன் அதை எடுத்து, பாய் மேல் நின்று, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டரில் வைத்தான். மூன்று பல்பும் பளிச்சென்று எரிந்தன. கரண்டே இல்லாத, பூட்டுப் போட்ட பெட்டியிலிருந்து. பிறகு மஞ்சளாகி, சிவப்பாகி, உள்ளே இழை மட்டும் தெரிந்து, கற்பூரம் அடங்குவது போல அடங்கின. சூப்பர்வைசர் தன்னையறியாமல் கையைக் கூப்பியிருந்தார். அவரை யாரும் கேலி செய்யவில்லை.

அதன் பிறகு அவன் பிளக்கில் பார்த்தான், கெப்பாசிட்டரில் பார்த்தான், மறுபடி பிளக்கில் பார்த்தான். வேலையைச் செய்தான். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, "எடது பக்கத் திருகு, அதுக்கு மேல, அதுக்கும் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபேன் திரும்ப ஓட ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து ஈரக் காற்று என் காலில் பட்டது. ஆலைக்குள் பெண்கள் எழுந்து மெஷினுக்குப் போகிற சத்தம் கேட்டது.

வரும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். விரதம் என்பதால் எனக்குப் பால் மட்டும்.

"அங்க என்ன சொன்ன, ஒங்க பாசைல?" என்றேன்.

"பெருமாளக் கூப்பிட்டேன். ஒங்க முருகன்தான் மலை மேல இருந்தாரே, எறங்கி வர நேரமாகும்ல."

"நான் வெளிய நின்னது யாரால? முருகனாலதான."

"வயரு அறுந்ததக் காமிச்சது பிளக் பாயிண்டு." கொஞ்சம் டீ குடித்தான். "ரெண்டு பேரையும் கும்புட்டுக்கறேன் போ."

வீட்டில் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். வாக்கரைப் பிடித்தபடி நின்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

"அந்தண்ணனுக்கு ஏதாச்சும் ஆகிருந்தா, நான் நடந்து என்ன பிரயோசனம்? அந்த அக்கா மூஞ்சில முழிக்கிறதுக்கா நடக்கணும்?"

மறுநாள் அவளே பிடிவாதமாக ஆட்டோ வைத்து அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவியான அந்த அக்காவிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். ஆட்டோவிலிருந்து அவர்கள் வாசல் வரை வாக்கரோடு நடந்ததுதான் அவள் வீட்டைத் தாண்டி நடந்த முதல் நடை. நான் போகவில்லை, கேள்விதான்.

பழனிக்கு நடந்தேன். கால் வெடித்து, கொப்புளம் போட்டு, எல்லாரையும் போலத்தான் நடந்தேன். கூட்டத்தில் நெருங்கி, சன்னதி முன்னால் என் முறை வந்து நின்றபோது, அவள் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அவன் பேர். அதற்குள் நகரச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். படி இறங்கும்போதுதான் அவள் பேரையும் சொன்னேன். முருகனுக்குக் கேட்டிருக்கும். அவள் இன்று நடக்கிறாள், மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

திரும்பி வந்து மாலையைக் கழற்றியதும் கூட்டாளி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சில நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தான். செப்புக் கம்பி இல்லை, பித்தளை டாலர் இல்லை. பட்டு நூலில் கோர்த்து, மணிக்கு மணி ஒரு சின்ன முடிச்சு. சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட கை, பார்த்தாலே தெரிந்தது, அந்த அக்காதான். டாலருக்குப் பதில் சந்தனக் கட்டையில் ஒரு வேல்.

"இனிமே செம்பு இல்ல. சந்தோசமா?" என்றான்.

"அப்ப அடுத்த தைக்கு நானே உள்ள போவலாம்ல?"

"ஷூவுக்கு என்ன பண்ணுவ? இது பழனிக்கு, பேனலுக்கில்ல. மாலை போட்டவன் பேனலத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எங்கள் பழக்கம் மாறியது. மீட்டர் என்ன சொன்னாலும் சரி, பல்புப் பலகையை வைக்காமல் கை வைப்பதில்லை. பல்பு எரியாமல் இருந்தால் ஒரு நிம்மதி, எரிந்தால் ஒரு கும்பிடு. மாலை சொல்வதையும் நான் விடவில்லை. ஆனால் அது முடிந்தால் ஆறியாச்சு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒவ்வொரு தை மாதமும் அவன் உள்ளே போனான், நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். வயிற்றைக் குறைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே குறைக்கவில்லை. மில்காரர்கள் எல்லாருக்கும் எங்கள் வழக்கம் தெரிந்துவிட்டது. தை மாதம் போன் செய்தால், "குண்டண்ணன் உள்ளயா, சாமி வெளியவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

இப்போது அவன் மகளோடு பெங்களூரில் இருக்கிறான். முழங்கால் தேய்ந்துவிட்டது. தல்லாகுளம் கொட்டகையைக் காலி செய்தோம். வேறு ஆள் சேர்த்துக்கொள் என்று பலரும் சொன்னார்கள். சேர்க்கலாம், வேலை தெரிந்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் எனக்குப் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருக்க அவன் இல்லை. அதனால் நான் பேனல் திறப்பதில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டு, மில்லிலிருந்து கழற்றிக் கொண்டுவருகிற சர்க்யூட் கார்டுகளை மட்டும் பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு பெரிய யு.பி.எஸ். கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்து, உள்ளே கை வைப்பதற்கு முன்னால் அவனுக்கு வீடியோ கால் போட்டு, போனை எதிரே டம்ளரில் சாய்த்து வைத்தேன். சமையலறையில் மனைவி தாளிக்கிற சத்தம் அவனுக்கும் கேட்டது. "தங்கச்சி நடக்குதா?" என்றான். "நடக்குறேண்ணே" என்று அவளே உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள்.

பிறகு போனுக்கு நெருங்கி வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கழுத்துல என்னா அது? மாலையா?"

"நேத்துதான் போட்டேன்."

"அப்ப கைய எடு. மூடிய மூடு. பழனி போயி மாலைய எறக்கி வச்சுட்டு வந்து அப்பறம் பாக்கலாம்."

"பேனலப் பாத்தா இது சின்னதுப்பா."

"தள்ளி நில்லு சாமி" என்றான்.

மூடியை மூடினேன். நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, போனில் அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன்.